குயிலுக்கு மட்டும் ஏன் இவ்ளோ பில்டப்பு?

மக்களே, நம்ம சினிமாவுல பாடுற பறவைன்னா குயில்தான். மத்ததுக்கெல்லாம் சான்ஸே கிடையாது. ஆனா பறவையியல் வகைப்பாட்டுப்படி பாட்டுப் பறவைங்க கூட்டத்துல குயில் வராது, காக்கா வரும். நெசமாத்தாங்க :)

எங்க சோழவந்தான் பக்கம் அசல் வித்வான் யாருன்னா குண்டுகரிச்சான். நீளம் சுமார் 19 செ.மீ. ஆண் கருப்பு வெள்ளை. பெண்ணுக்குக் கருப்புக்குப் பதிலா சாம்பல். வாலை எப்பவும் விறைப்பா தூக்கி வச்சிருக்கும். வைகைக்கரை தென்னந்தோப்பு, கொடிக்கால், வீட்டுக் கொல்லைன்னு நம்மள ஒட்டியே வாழுது. பங்குனி, சித்திரையில விடியுறதுக்கு முன்னாடியே உச்சாணிக் கிளையில உக்காந்து கச்சேரிய ஆரம்பிச்சுடும். குயில் மாதிரி ஒரே பல்லவி இல்ல. மெட்ட மாத்தி மாத்தி விசிலடிக்கும், நடுவுல மத்த பறவைங்க குரல்ல மிமிக்ரியும் பண்ணும்.

பங்களாதேஷ்ல இதுதான் தேசியப் பறவை. ரெண்டு டாக்கா நோட்டுலயே படம் போட்டாங்க. எங்க ஊரு வெத்தலைக்கு 2023ல புவிசார் குறியீடே கெடச்சுது. அந்தக் கொடிக்கால்ல பாடுறவனுக்குப் பேரு என்னன்னு கேட்டா பாதிப் பேரு முழிப்பாங்க.

பேரு தெரியாட்டி என்ன குடியா முழுகிடும்? கரிச்சானுக்கு முழுகும். குயிலுக்கு வீட்டுக் கவலை இல்ல, காக்கா கூட்டுல முட்டைய வச்சிட்டுக் கெளம்பிடும். கரிச்சானுக்கு மரப்பொந்தோ சுவத்து ஓட்டையோ வேணும். நாம பழைய மரத்த வெட்டுறோம், ஓட்டுவீட்ட இடிச்சுட்டு ஓட்டையே இல்லாம சிமெண்ட் பூசுறோம். பட்ட தென்னைய விட்டு வச்சா காண்டாமிருக வண்டு பெருகும்னு தோப்புக்காரங்க சொல்றதும் நியாயந்தான். அவங்க பொழப்பும் முக்கியம்.

அதனால என் கட்சி இதுதான்: பொந்த எடுத்தா பெட்டி வைங்க. இது ஒண்ணும் கற்பனை இல்ல. செய்ஷெல்ஸ் தீவுல கரிச்சானோட சொந்தக்கார இனம் ஒண்ணு 1970 வாக்குல 20க்கும் கீழ போயிடுச்சு. கூடுப்பெட்டி வச்சு, பூனைகளக் கட்டுப்படுத்தி, வேற தீவுகளுக்கும் கொண்டுபோயி விட்டாங்க. இன்னிக்கு நூத்துக்கணக்குல இருக்கு.

நம்மூருல நெலம அவ்ளோ மோசமில்ல, இன்னும் சாதாரணமா கண்ணுல படுற பறவைதான். செலவு கம்மியா முடியுறது இப்பத்தான். பழைய பலகையில ஒரு பெட்டி, முன்னாடி ஒரு ஓட்டை, பூனை எட்டாத உயரம். பூச்சி புழுவத் திங்குற பறவை, வாடகைய அதுல கழிச்சுக்கலாம்.

குயிலப் பத்திக் கவிதை எழுதுறவங்க எழுதுங்க சாமி, வேணாங்கல. பாதிப் பேராவது ஒரு பெட்டி மாட்டிட்டு எழுதுங்க.