பழைய கார்களின் கதை யாருடைய கதை?

கொழும்பு - கண்டி வீதியில், பேராதனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையில் அமைந்த சிற்றூர் பிலிமத்தலாவை. அங்கு வாடகை அறையொன்றில் தங்கிப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவரும் எம்போன்ற மாணவர், விடுமுறை நாள்களில் பழைய கார்கள் அணிவகுத்துச் செல்வதை இடையிடையே காண்பதுண்டு. மினுக்கித் துடைக்கப்பட்ட மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் மலையேறும். வீதியோரத்தில் நிற்போர் படம் பிடிப்பர். பின்னர் அக்கார்களின் ‘கதைகள்’ எழுதப்படும். அவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. காரை முதலில் இறக்குமதி செய்த செல்வந்தர் யார், எந்தத் தோட்டத்துரை அதில் பயணஞ் செய்தார், இன்று அதன் விலை என்ன என்பனவே அவற்றின் பொருள். காரை ஓட்டியவனும் திருத்தியவனும் அக்கதைகளில் இடம்பெறுவதில்லை. இவ்விடுபாடு தற்செயலானதன்று, நாம் வரலாறு எழுதும் முறையிலேயே உள்ள குறைபாடு இது.

இக்குறைபாட்டின் சான்று பிலிமத்தலாவைக்கு அண்மையிலேயே நிற்கின்றது. கண்டி வீதியை அமைத்த பொறியியலாளரான கப்டன் டோசனின் நினைவாகக் கடுகண்ணாவையில் 1832ஆம் ஆண்டு ஒரு கோபுரம் எழுப்பப்பட்டது. ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில் அவ்வீதிக்காக மலையைக் குடைந்தவர்களோ இராஜகாரிய முறையின்கீழ்க் கட்டாய உழைப்புக்கு அழைக்கப்பட்ட மக்கள். அவர்களுள் ஒருவரின் பெயரையேனும் நாம் அறியோம். வீதிக்கு நேர்ந்ததே அவ்வீதியில் ஓடிய வாகனத்துக்கும் நேர்ந்தது.

கொழும்பு காலிமுக ஹோட்டலில் 1935ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஸ்ரான்டட் நைன் காரொன்று காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. பிற்காலத்தில் பிரித்தானிய மகாராணியின் கணவரான இளவரசர் பிலிப், 1940இல் கடற்படை அதிகாரியாக இங்கு பணியாற்றியபோது பன்னிரண்டு பவுணுக்கு வாங்கிய கார் அது. அதனைப் பேணுவது குற்றமன்று. ஆயினும், அரசகுமாரன் சில காலம் ஓட்டியதால் ஒரு கார் வரலாற்றுப் பொருளாகுமெனில், நாற்பது ஆண்டுகள் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட வாடகைக்கார் ஏன் வரலாற்றுப் பொருளாகாது?

இக்கார்கள் அரியவையாகவும் பெறுமதி மிக்கவையாகவும் ஆனது எவ்வாறு என்பதையும் நோக்குதல் வேண்டும். 1960களிலும், குறிப்பாக 1970 - 1977 ஆட்சிக்காலத்திலும், அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. புதிய கார் வராதபோது பழைய கார் ஓடியே ஆகவேண்டும். 2020இல் விதிக்கப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல் தளர்த்தப்பட்ட இறக்குமதித் தடையின்போதும் இதே நிலை தோன்றியதை நாமே கண்டோம். உதிரிப்பாகம் கிடைக்காத காலங்களில் பழைய இரும்பைக் கடைந்து புதிய பாகம் செய்தவர்கள் வீதியோரக் கராஜ் தொழிலாளர்கள். அவர்களின் கைத்திறன் இல்லையெனில் இன்று அணிவகுக்கும் கார்களுட் பல என்றோ இரும்புக் கடைக்குச் சென்றிருக்கும்.

இதற்கு யாழ்ப்பாணத்தை விடச் சிறந்த சான்று வேறில்லை. 1990இன் பின் பொருளாதாரத் தடையினால் குடாநாட்டில் பெற்றோல் கிடைத்தற்கரியதாயிற்று. அக்காலத்தில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 முதலிய பழைய கார்களே மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலைக் கொண்டு எஞ்சினை இயக்கிச் சூடேற்றியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். சூடேறிய எஞ்சினிலேயே மண்ணெண்ணெய் செவ்வனே ஆவியாகும். அமுக்கவிகிதம் குறைந்த பழைய எஞ்சின்களே அதனைத் தாங்கும். நவீன கார்கள் தோற்ற இடத்தில் இவை வென்றமைக்குக் காரணம் இதுவே. கரும்புகை கக்கிய இக்கார்களே நோயாளரையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குச் சுமந்தன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது ஓடிய வாகனங்களுள் இவையும் இருந்தன. இத்தகைய வரலாறு எந்த ஏலத்தில் விலைபோகும்?

அமெரிக்காவிலும் நிலைமை வேறன்று. 1964இல் வெளிவந்த பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ. போன்ற ‘மசில் கார்’கள், நடுத்தர அளவுக் காரில் பெரிய எஞ்சினைப் பொருத்தி, சாதாரண இளைஞரும் வாங்கக்கூடிய விலைக்கு விற்கப்பட்டவை. அவற்றுட் சில இன்று ஏலங்களிற் கோடீஸ்வரர்களின் கைக்கே செல்கின்றன. உழைப்பாளியின் பொருள் செல்வந்தனின் சேகரிப்பாக மாறும்போது அதன் பழைய உரிமையாளன் கதையிலிருந்தும் வெளியேற்றப்படுகின்றான்.

சேகரிப்பாளர் பணஞ் செலவிட்டுப் பேணாவிடில் இக்கார்களே எஞ்சியிரா எனச் சிலர் வாதிடுவர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. அதனை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் இரும்பைப் பேணுவது வேறு, நினைவைப் பேணுவது வேறு. முன்னதற்குப் பணம் வேண்டும். பின்னதற்கு வேண்டியவை ஒரு குறிப்புப் புத்தகமும் கேட்கும் பொறுமையுமே. கலைப்பீட மாணவனுக்குக் காரோடு என்ன தொடர்பு என வினவுவோரும் உளர். நாட்டார் பாடல்களையும் நடவுப் பாடல்களையும் தேடிச் சேகரிப்பது எமது பணியெனில், மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவனின் வாய்மொழியும் அவ்வாறே சேகரிக்கத்தக்கது.

கிரிபத்கும்புரவில் உள்ள நெடுஞ்சாலை அருங்காட்சியகத்தில் பழைய வீதி உருளைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் இருக்கைகள் வெறுமையாக உள்ளன. அவ்விருக்கைகளில் இருந்தவர்களைப் பற்றி எம்மால் இன்று எதுவும் கூற இயலாது, காலம் கடந்துவிட்டது. யாழ்ப்பாணத்து வாடகைக்கார்ச் சாரதிகளும் மலைநாட்டுக் கராஜ் தொழிலாளர்களும் இன்னும் எம்மிடையே வாழ்கின்றனர். ஆயினும் முதுமை அவர்களை ஒவ்வொருவராக அழைத்துச் செல்கின்றது. இவ்விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலுள்ள முதிய சாரதி ஒருவரையேனும் சந்தித்து, அவர் கூறுவதை எழுதி வருவாராக. அடுத்த ஆண்டு மலரில் அவ்வெழுத்துகளுக்கு இடமளிப்பது எமது சங்கத்தின் கடமையாகும்.