உபகாரமா, சம்பளமா?

ஏழை மாணவனின் படிப்புக்கு அரசு தரும் தொகைக்கு நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிவந்த பெயர் "உபகாரச் சம்பளம்" என்பது. அதில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று உபகாரம், மற்றொன்று சம்பளம். கொடுப்பவர் மனம் உவந்தால் உண்டு, முகம் சுளித்தால் இல்லை என்பது உபகாரம். உழைத்தவன் உரிமையோடு கேட்டு வாங்குவது சம்பளம். அதைக் கொடுக்கத் தவறினால் தவறியவனே குற்றவாளி. இவ்விரண்டில் எது அந்தத் தொகை? ஆட்சியாளர்கள் முதற்சொல்லை மட்டுமே படித்திருக்கிறார்கள். இரண்டாம் சொல்லையும் அவர்கள் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

பட்டம் பெற்றபின் மேலும் படிக்கும் இரு சாராரை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். ஒரு சாரார், ஆசிரியராவதற்குப் பி.எட்., எம்.எட். படிப்பவர்கள். மற்றொரு சாரார், சமூகப் பணியில் முதுகலை படிப்பவர்கள். முன்னவர் நாளை உங்கள் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கப் போகிறவர். பின்னவர் மருத்துவமனையில், சிறுவர் இல்லத்தில், மனநோயர் விடுதியில், குடிசைப் பகுதியில், கேட்பாரற்றுக் கிடப்போர்க்குத் துணைநிற்கப் போகிறவர். இந்த இரு சாராருக்கும் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்பது தருமமா, கடமையா? வாசகரே, வழக்கை நீங்களே விசாரியுங்கள்.

முதல் சாட்சி, சட்டம். ஆசிரியர் கல்விக்கான தேசிய மன்றம் 2014-இல் புதிய விதிகளை வகுத்தது. அதுவரை ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பு, 2015 முதல் ஈராண்டாயிற்று. எம்.எட். படிப்பும் ஈராண்டாயிற்று. நல்ல ஆசிரியரை உருவாக்க நாள் வேண்டும் என்றார்கள்; மறுக்கவில்லை. ஆனால் ஆண்டு இரண்டாகும்போது கட்டணமும் இரண்டாயிற்று. விடுதிச் செலவும் இரண்டாயிற்று. வீட்டிற்கு வரவேண்டிய வருவாய் வராமல் நின்ற காலமும் இரண்டாயிற்று. ஆண்டைக் கூட்டியவர்கள் அந்தச் சுமைக்குத் தோள் கொடுத்தார்களா?

சமூகப் பணியிலும் இதே கதைதான். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநலச் சமூகப் பணியாளர் என்பவர் யார் என்று இலக்கணம் வகுக்கிறது. சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் வேண்டும். அதன்மேல் முழுநேரமாக ஈராண்டு படித்து எம்.பில். பட்டமும் வேண்டும். நோயாளியின் நலன் கருதி விதித்த தகுதி; வரவேற்கத்தக்கதே. ஆனால் முதற்பட்டத்திற்குப் பின் நான்காண்டுப் படிப்பைச் சட்டத்தில் எழுதியவர்கள், அந்த நான்காண்டுக்கும் பணம் கட்டப்போவது யார் என்பதை எந்தச் சட்டத்தில் எழுதினார்கள்? ஏணிக்குப் படிகளைக் கூட்டிக்கொண்டே போவது, ஏறுகிறவன் காலுக்கு மட்டும் வலுவை அவன் வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்வது, இது என்ன நியாயம்?

இரண்டாம் சாட்சி, உழைப்பு. பி.எட். மாணவர் இருபது வாரங்கள் பள்ளியில் பயிற்சி பெறவேண்டும் என்பது விதி: முதலாண்டில் நான்கு வாரம், இரண்டாமாண்டில் பதினாறு வாரம். அந்த வாரங்களில் அவர் வகுப்பறையின் மூலையில் அமர்ந்து வேடிக்கை பார்ப்பதில்லை, பாடம் நடத்துகிறார், விடைத்தாள் திருத்துகிறார், ஆசிரியர் வராத வகுப்பைக் கட்டிக்காக்கிறார். சமூகப் பணி மாணவரோ, பெரும்பாலான கல்லூரிகளில், வாரத்தில் இரண்டு நாள் களப்பணிக்குப் போகிறார். மருத்துவமனையில் நோயாளியின் குடும்பத்தோடு பேசுகிறார்; பள்ளியை விட்டு நின்ற பிள்ளையின் வீட்டைத் தேடிச் செல்கிறார். பஸ் கட்டணம் அவருடையது. பகல் உணவு அவருடையது. பயன் மட்டும் நாட்டினுடையது. உழைப்பைப் பெற்றுக்கொண்டு, உழைத்தவரிடமே கட்டணமும் வசூலிக்கும் விந்தை வேறெந்தத் தொழிலில் உண்டு?

வேறு துறைகளில் இப்படி இல்லை. கேட் தேர்வில் தகுதி பெற்று எம்.டெக். படிக்கும் மாணவருக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி மன்றம் மாதம் 12,400 ரூபாய் தருகிறது. மருத்துவ மேற்படிப்பு மாணவருக்கு, அவர் நோயாளியைப் பார்க்கிறார் என்பதால், மாத உதவித்தொகை உண்டு. அவர்களுக்கு ஏன் கொடுக்கிறீர்கள் என்று நாம் கேட்கவில்லை. கொடுக்கட்டும், கூடுதலாகவே கொடுக்கட்டும். இயந்திரத்தை ஆராய்பவர்க்கும் உடற்பிணி தீர்ப்பவர்க்கும் பயிற்சிக் காலத்திலேயே பணம் உண்டு என்ற நீதி, அறியாமைப் பிணியையும் ஆதரவற்ற நிலையையும் தீர்க்கப் பயில்பவர்க்கு மட்டும் ஏன் இல்லை என்பதே நம் கேள்வி.

"கடன் வாங்கிப் படிக்கட்டுமே, வங்கிகள் திறந்துதானே இருக்கின்றன?" என்பார் உளர். கடன் என்பது வருங்கால வருவாயை அடகு வைப்பது. கொழுத்த சம்பளம் காத்திருக்கும் படிப்புக்கு அந்த அடகு பொருந்தலாம். குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளிலே தொகுப்பூதியத்தில், ஒப்பந்தப் பணியில் அமர்த்தப்படும் சமூகப் பணியாளர் எதை அடகு வைப்பார்? சிற்றூர்த் தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்திற்கு நிற்கும் ஆசிரியை எதைக் கொண்டு வட்டி கட்டுவார்? கடன் என்ன செய்யும் தெரியுமா? தவணைக்கு அஞ்சி, கிராமப் பள்ளிக்குப் போக விரும்பியவரை நகரத்து நிறுவனத்திற்குத் துரத்தும். சேரியில் பணிபுரிய விரும்பியவரைக் கம்பெனியின் ஆள்சேர்ப்புப் பிரிவில் உட்கார வைக்கும். குறைந்த ஊதியமுள்ள பணிக்குக் கடன்பட்ட மனிதரை அனுப்ப முடியாது.

இனி, இருக்கின்ற உதவியின் வரலாற்றைக் காண்போம். தாழ்த்தப்பட்டோருக்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் 1944-இல் தொடங்கியது. டாக்டர் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையில் அமர்ந்திருந்த காலம் அது. பரோடா மன்னரின் உதவியால் 1913-இல் கொலம்பியாவுக்குச் சென்று படித்தவர் அவர். ஓர் உதவித்தொகை ஒரு மனிதனை எவ்வளவு உயர்த்தும் என்பதற்கு அவரே சான்று. எத்தனையோ வீடுகளின் முதல் பட்டதாரியை உருவாக்கிய திட்டம் இது.

அந்தத் திட்டத்துக்கு நேர்ந்த கதி என்ன? ஐந்தாண்டுத் திட்டத்தின் இறுதியில் ஒரு மாநிலம் எவ்வளவு செலவிட்டதோ அதுவே அதன் "நிலைப் பொறுப்பு". அதற்கு மேற்பட்டதை மட்டுமே மத்திய அரசு தரும் என்றொரு கணக்கு இருந்தது. பன்னிரண்டாம் திட்டம் முடிந்ததும், 2017-18 முதல், பெருஞ்சுமை மாநிலங்களின் தலையில் விழுந்தது. 2017-18 முதல் 2019-20 வரை மத்திய அரசு தந்தது ஆண்டுக்குச் சராசரி 1,100 கோடி ரூபாய் அளவே. அதை ஏறத்தாழ ஐந்து மடங்காக்கி ஆண்டுக்குச் சுமார் 6,000 கோடி தருவோம் என்று 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. ஐந்தாண்டுக்கு 59,048 கோடி. அதில் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு. வரவேற்கிறோம். ஆனால் ஐந்து மடங்கு தேவை என்று 2020-இல் கண்டவர்கள், அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மாணவர்களை என்ன செய்யச் சொன்னார்கள்?

என்ன நடந்தது என்பதற்கு மும்பை விடை சொல்லும். 1936-இல் சமூகப் பணிக்கான பட்டமேற்படிப்புப் பள்ளியாகத் தோன்றியது இன்றைய டாடா சமூக அறிவியல் கழகம். இத்துறையில் நாட்டிற்கே முன்னோடி அது. உதவித்தொகைக்கு உரிய தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவரிடம் முன்பணமாகக் கட்டணம் கேட்பதில்லை என்ற நல்வழக்கம் அங்கே இருந்தது. அந்தச் சலுகை முதலில் பிற்படுத்தப்பட்டோருக்கு நின்றது. பின்னர் மற்றவர்க்கும் நின்றது. நிதி இல்லை என்றது நிர்வாகம். 2018 பிப்ரவரி 21-ஆம் நாள் மும்பை, துல்ஜாபூர், ஐதராபாத், குவாகாத்தி ஆகிய நான்கு வளாகங்களிலும் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். சமூக நீதியைப் பாடமாகக் கற்பிக்கும் இடத்திலேயே, சமூக நீதிக்காக வாயிலில் உட்கார வேண்டியதாயிற்று!

"கட்டணத்தை நீ முதலில் கட்டு, பணம் பின்னால் உன் கணக்கில் வரும்" என்பது எளிமையான ஏற்பாடாகத் தோன்றும். கையில் பணம் உள்ளவர்க்கு அது எளிமைதான். கூலிக்கு நாற்று நடும் தாயின் மகளுக்கு? சேர்க்கைக்குக் கடைசி நாள் ஜூலையில். உதவித்தொகை வருவதோ அரசுகள் தத்தம் பங்கை விடுவித்த பிறகு. இடைப்பட்ட மாதங்களில் கந்துவட்டிக்காரனே அவளுக்குக் கல்வி மந்திரி! திருப்பித் தரப்போகும் பணம்தானே என்கிறார்கள். வட்டியையும் சேர்த்தா திருப்பித் தருகிறார்கள்?

வருமான வரம்பையும் பாருங்கள். தாழ்த்தப்பட்ட மாணவர் உதவித்தொகை பெறக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்கு மிகக்கூடாது என்று 2013-இல் கோடு கிழித்தார்கள். விலைவாசி ஏறியது, கூலி ஏறியது, கட்டணம் ஏறியது. பத்தாண்டு கடந்தும் அந்தக் கோடு மட்டும் ஏறவில்லை. ஆனால் 2019-இல், "பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்" என்று முன்னேறிய வகுப்பாருக்கு இடம் ஒதுக்கியபோது, நலிவுக்கு விதித்த எல்லை 8 லட்சம்! அது இடம், இது பணம். இரண்டும் வேறு என்று வாதிடுவார்கள். வேறுதான். ஆனால் 8 லட்சம் வரை ஏழை என்று ஒருவரை அழைக்கும் அதே அரசு, 3 லட்சம் வருவாயுள்ள தாழ்த்தப்பட்டவரை வசதி படைத்தவர் என்று எந்த நாவால் சொல்கிறது?

"கட்டணம் தருகிறோம், பதிலுக்குப் பணிபுரிவதாக ஒப்பந்தம் எழுதிக்கொடு" என்பது இன்னொரு யோசனை. கேட்க நன்றாயிருக்கிறது. அமெரிக்காவில் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, ஆசிரியராகப் படிப்பவர்க்கு ஆண்டுக்கு 4,000 டாலர் வரை மானியம் தரத் தொடங்கினார்கள். ஏழைப் பிள்ளைகள் பயிலும் பள்ளியில், எட்டாண்டுக்குள் நான்காண்டு பணிபுரிய வேண்டும். தவறினால் மானியம் வட்டியோடு கடனாகும். விளைந்தது என்ன? ஆண்டுச் சான்றிதழ்ப் படிவம் தாமதமானது, படிவத்தில் ஒப்பம் விடுபட்டது என்பன போன்ற காரணங்களுக்காக, உண்மையிலேயே ஏழைப் பள்ளிகளில் பணியாற்றிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்களின் மானியம் கடனாக மாறியது. பெருங்கூச்சல் எழுந்தபின், 2018 இறுதியில்தான் அரசு பரிகாரம் அறிவித்தது. நம் நாட்டிலும் அம்பேத்கர், பரோடாவில் பணிபுரிவதாக ஒப்பந்தம் செய்துகொண்டே வெளிநாடு சென்றார். 1917-இல் வாக்குப்படி வந்தார். தங்க ஓர் அறை கொடுக்க அந்த ஊர் மறுத்தது. வேலையை விட்டு வெளியேறினார். மாணவரைக் கட்டும் ஒப்பந்தம் அரசையும் கட்டவேண்டும். நாங்கள் கிராமத்திற்கு வரச் சித்தம். நிரந்தரப் பணியிடம் எங்கே, முறையான ஊதியம் எங்கே என்று அவர்கள் கேட்டால், பதில் தயாரா?

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ, ஆசிரியர் படிப்புக்குத் தகுதி அடிப்படையில் உதவித்தொகைகள் ஏராளமாக ஏற்படுத்துவோம் என்கிறது. நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட்.டுக்கும், பட்டம் பெற்றபின் படிக்கும் பி.எட்.டுக்கும்.  தகுதி வேண்டாம் என்று யார் சொன்னார்? படிப்பில் சேர்ந்ததே தகுதியின் அத்தாட்சி அல்லவா? சேர்ந்தவர் கட்டணமின்றி விலகும்போது தோற்பது அவருடைய தகுதியன்று, நம்முடைய நாணயம்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. ஆசிரியர் படிப்பிலும் சமூகப் பணிப் படிப்பிலும் சேரும் ஏழை மாணவர் எவரிடமும், எந்த வகுப்பினராயினும், சேர்க்கை வாயிலில் கட்டணம் கேட்கக்கூடாது. அரசே நிறுவனத்துக்கு நேராகச் செலுத்த வேண்டும். பள்ளிப் பயிற்சிக் காலத்துக்கும் களப்பணிக்கும் மாத ஊதியம் வேண்டும். உதவித்தொகைக்கான வருமான வரம்பு, நலிந்த பிரிவினர்க்கு விதித்த எல்லைக்குச் சமமாக வேண்டும். மத்திய பங்கும் மாநிலப் பங்கும், கல்வியாண்டு முடிந்தபின் அல்ல, தொடங்கும் மாதத்திலேயே வந்து சேரவேண்டும்.

இவை பேராசையா? வாசகரே, உங்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் இடம் காலி என்று நாளையே விசாரியுங்கள். உங்கள் மாவட்ட மருத்துவமனையில் மனநலச் சமூகப் பணியாளர் ஒருவராவது உண்டா என்று கேளுங்கள். பிறகு வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம், எந்தக் கட்சியினராயினும், இந்த நான்கையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, ஆம் அல்லது இல்லை என்று பதில் வாங்குங்கள். உபகாரம் செய்வதாக அவர் உறுதி கூறினால் ஏமாறாதீர்கள். நாம் கேட்பது சம்பளம். பல ஆண்டுகளாகப் பாக்கி நிற்கும் சம்பளம்.