கூட்டி வந்தவர் கணக்கு



நம் முன்னோரில் பெரும்பாலோர் தாமாக வழி கேட்டுக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவர்கள் அல்லர். யாரோ ஒருவர் கூட்டி வந்தார். அந்த ஒருவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், அல்லது சொந்தக்காரர். அவர்தான் கங்காணி.

மலாயாவில் வியாபாரத்துக்கென்று முதன்முதலில் ரப்பர் பயிரிட்ட இடங்களில் ஒன்று நம் மலாக்கா. 1896-ஆம் ஆண்டில் தான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கினார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் விரிந்தது. காடு அழிக்கவும் பால் வெட்டவும் ஆள் வேண்டியிருந்தது. தோட்டத்துத் துரை, தம்மிடம் வேலை செய்யும் ஒருவரையே கங்காணியாக்கி, "உன் ஊருக்குப் போய் ஆள் கூட்டி வா" என்று அனுப்பி வைத்தார்.

இதிலே ஒரு கணக்கு இருந்தது. கூட்டி வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குக் கூலி உண்டு. பத்துக் கங்காணிகளின் ஆட்கள் ஒரே கப்பலில் வந்தால், யார் ஆள் எவர் என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் தாள். எந்தத் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார் என்று எழுதிய உரிமச் சீட்டு கங்காணியின் கையில் இருக்கும். ஊரில் கிராம முன்சீப்பின் கையொப்பம் வாங்க வேண்டும். ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் அதிகாரி விசாரிப்பார், மருத்துவர் சோதிப்பார். இந்தக் கரையில் இறங்கியதும் நோய்த்தடுப்பு முகாம். கடைசியில் தோட்டத்தில் செக்ரோலில் பேர் ஏறும். இப்படி ஊர் வாசலிலிருந்து செக்ரோல் வரைக்கும் ஒவ்வொரு படியிலும், "இவர் இன்னார் கூட்டி வந்த ஆள்" என்ற அடையாளம் கூடவே வந்தது.

1907-இல் தமிழர் குடிநுழைவு நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். தோட்ட முதலாளிகள் எல்லாரும் அதற்குப் பணம் கட்டினார்கள். கப்பல் செலவும் ஆள் சேர்க்கும் செலவும் அதிலிருந்து போயின. முன்பு வழிச்செலவு ஆளின் தலையில் கடனாக ஏறிய வழக்கம் இதனால் குறைந்தது. இது ஒரு நன்மையே.

ஆனால் கணக்கு செக்ரோலோடு முடியவில்லை. தம் ஆட்கள் எத்தனை பேர் காலையில் பெரட்டுக்கு வந்து வேலைக்குப் போனார்களோ, அத்தனை பேருக்கும் கங்காணிக்குத் தினமும் தலைக்காசு கிடைத்தது. நாளுக்கு ஆளுக்கு 2 காசு என்பது பரவலான வழக்கம். ஆள் காய்ச்சலில் படுத்தால் கங்காணிக்கும் நட்டம். அப்படியானால் காய்ச்சல்காரனை அவர் லயத்தில் படுக்க விடுவாரா, எழுப்பி அனுப்புவாரா? நல்ல கங்காணிகளும் இருந்தார்கள். ஆனால் காசு எந்தப் பக்கம் இழுத்தது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். 1936-ஆம் ஆண்டுக் கடைசியில் இங்கு வந்து பார்வையிட்ட சீனிவாச சாஸ்திரியார், கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது மறுபடி வேண்டாம் என்று தம் அறிக்கையில் எழுதினார். 1938-இல், உதவிச் செலவில் தொழிலாளர் இங்கு வருவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது.

"இந்தப் பழங்கதை இப்போது எதற்கு?" என்று கேட்பீர்கள். கங்காணி போய்விட்டார், அந்தக் கணக்கு போகவில்லை. அது உங்கள் பிள்ளையின் கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மாமா மகன் வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பு அனுப்புகிறான். "இதைத் தட்டிப் பதிந்துகொள், உனக்கும் 5 வெள்ளி, எனக்கும் 5 வெள்ளி" என்கிறான். அந்த இணைப்பை உற்றுப் பாருங்கள். பல வேளைகளில் நடுவில் ஒரு கேள்விக்குறி இருக்கும். அதன் பின்னால் எழுத்தும் எண்ணுமாக ஒரு வால் நீளும். அந்த வால்தான் இன்றைய உரிமச் சீட்டு. அனுப்பியவர் யார் என்பது அதில் இருக்கிறது.

தட்டியவுடன் அந்த இணையத்தளம் உங்கள் கைப்பேசியில் ஒரு சின்னக் குறிப்பை வைத்துவிட்டுப் போகும். அதற்குக் 'குக்கீ' என்று பெயர். 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உண்டாக்கினார்கள். நீங்கள் அன்று பதியாமல் மூடிவிட்டு நாலு நாள் கழித்து வந்தாலும், "இது இன்னார் அனுப்பிய ஆள்" என்று அந்தக் குறிப்பு சொல்லும். அமேசான் நிறுவனம் 1996-இலேயே இப்படி வாடிக்கையாளரை அனுப்புவோருக்குக் கூலி கொடுக்கத் தொடங்கியது. சில நிறுவனங்கள் ஒரு நாள் வரை கணக்கில் கொள்ளும். சில ஒரு மாதம் வரை. குக்கீ அழிந்துவிட்டால் கணக்கு அறுந்துபோகும் என்பதால், பதிவுத் தாளிலேயே 'அறிமுக எண்' கேட்பவர்களும் உண்டு. பேர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண் எல்லாம் எழுதி முடித்தவுடன், அனுப்பியவர் பேரில் ஒரு தலை ஏறுகிறது. செக்ரோலில் பேர் ஏறியது போலத்தான்.

இதெல்லாம் குற்றமா? இல்லை. கடைக்கு ஆள் அனுப்பியவருக்குக் கடைக்காரர் ஏதாவது கொடுப்பது உலக வழக்கம். ஆனால் அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கங்காணியின் தாளில் நாலு பேர் கையொப்பம் இருந்தது. ஆள் காணாமல் போனால், எந்தக் கங்காணி, எந்தத் தோட்டம் என்று கேட்க இடமிருந்தது. இன்றைய கணக்கு அவர்களிடம் மட்டும் இருக்கிறது. அவர்களுக்கு நம்மைத் தெரியும். நமக்கு அவர்களைத் தெரியாது.

இன்னொன்று, அனுப்பியவரின் கூலி நாம் பதிந்தவுடன் முடிந்துவிடலாம். பிறகு நமக்கு நல்லது நடந்ததா என்பதை அந்தக் கணக்கு கேட்பதே இல்லை. கடன் தருகிறோம், வெளிநாட்டில் வேலை தருகிறோம் என்று வரும் இணைப்புகளில் இதுதான் ஆபத்து. அண்மைய ஆண்டுகளில் வேலை விளம்பரத்தை நம்பி, கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய மலேசிய இளைஞர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்தோமே! அவர்களிலும் சிலரைத் தெரிந்தவர் பேச்சுதானே கூட்டிப் போனது?

ஆகவே நாமும் ஒரு கணக்கு வைப்போம். பதியும் முன் பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அனுப்பியது யார்? அவருக்குக் காசு கொடுப்பது யார்? நாம் பதிந்த பிறகு நமக்குப் பொறுப்பு யார்? பதில்களைத் தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இணைப்பையும் படம் பிடித்து வையுங்கள்.

சட்டமும் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நம்மைப் பற்றி என்ன விவரம் வைத்திருக்கிறார்கள் என்று நிறுவனத்திடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. பணம் போட்டுவிடு என்று வங்கிக் கணக்கு எண் கொடுத்தால், காவல் துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். பணம் போய்விட்டால், அழுதுகொண்டிராமல் உடனே 997-க்குப் போன் செய்யுங்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம்மவர் சொல். நம் தாத்தாவுக்கு அளந்து பார்க்க எழுத்து தெரியாது. ஆகவே, அடுத்தவர் தாளில் தலையாக எண்ணப்பட்டார். நம் பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியும். தெரிந்த எழுத்தைக் கொண்டு, தட்டும் முன் ஒரு வரி படிக்கச் சொல்லுங்கள்.