வடிகட்டினால் நஷ்டம்

உயிரியல் ஆய்வு நிறுவனங்களின் மதிப்பாய்வுக் கூட்டம் என்றால் ஒரு பெரியவர் எழுந்து, "பொதுக் கருவிக்கூடம் தன் காலில் நிற்க வேண்டும்; செலவைக் கட்டணத்திலேயே ஈட்ட வேண்டும்" என்பார். கைதட்டுவார்கள். ஆள் மாறும், ஊர் மாறும், வசனம் மாறாது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதலில், யார் காசு இது? மாணவர் கட்டும் கட்டணம் அவருடைய ஆய்வகத்தின் மானியத்திலிருந்து வருகிறது. மானியம் பெரும்பாலும் அரசுடையது, கருவிக்கூடமும் அரசுடையது. இடப் பையிலிருந்து வலப் பைக்கு மாற்றிவிட்டு 'வருமானம்' என்று எழுதிக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் இப்படித்தானாம். ஹைடல்பெர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகமான இ.எம்.பி.எல். பெரும்பாலும் உறுப்பு நாடுகள் தரும் பணத்தில் நடக்கிறது. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.ஹெச்., பொதுக் கருவி வாங்குவதற்கென்றே எஸ்10 திட்டத்தில் மானியம் தருகிறது. எந்த வெளிநாடு என்று சொன்னால் நாமும் தெரிந்துகொள்வோம்.

கம்பெனிகள் வந்து காசு கட்டுமாம். பெங்களூரில் சி-கேம்ப் என்ற உயிரியல் கருவிக்கூடத்துக்கு வரும், சுற்றிலும் ஸ்டார்ட்-அப்கள். சின்ன ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு?

என் வயிற்றெரிச்சல் வேறு. செல்களைப் பிரித்தெடுக்கும் சார்ட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். செல்கள் 70 மைக்ரான் துளை வழியே ஒவ்வொன்றாகப் போய், சொட்டுச் சொட்டாகப் பிரிய வேண்டும். எலியின் மண்ணீரலை மசித்துக் குழாயில் எடுத்துவருகிறார் ஒரு மாணவி. கருவியை இயக்குபவர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். நூல் நூலாகத் திரிந்திருக்கிறது. செத்த செல்களிலிருந்து கசிந்த டி.என்.ஏ. மற்ற செல்களையும் ஒட்டவைத்துவிட்டது. "இதை ஓட்ட வேண்டாம்மா. டி.என்.ஏவை வெட்டுற டி.என்.ஏஸ் என்ஸைம் போட்டு, 40 மைக்ரான் வலையில வடிகட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்புகிறார். பில்: பூஜ்யம். அப்படியே ஓட்டியிருந்தால் துளை அடைத்திருக்கும். கழற்றி, கழுவி, மறுபடி பொருத்திச் சரிசெய்ய மணிக்கணக்காகும். கருவி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், கட்டணமும்தான். தினமும் காலையில் பீட்ஸ் என்ற சோதனைத் துகள்களை ஓட்டிச் சொட்டு பிரியும் நேரத்தைச் சரிபார்க்கிறாரே, அதற்கும் காசு கிடையாது. அதை விட்டுவிட்டால் தப்பான சொட்டோடு தப்பான செல் போய் விழும். மாணவி அடுத்த வாரம் மறுபடி ஸ்லாட் போடுவார். ஆகா, பயன்பாட்டு நேரம் கூடிவிட்டது! இந்தக் கணக்குப்படி கெட்டிக்கார ஆள் நிறுவனத்துக்கு நஷ்டம்.

செலவு ஏறிய கதையும் உண்டு: பொது ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. 2022 ஜூலையில் 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதைப் பற்றி மேடையில் யாரும் மூச்சு விடவில்லை.

திரவத்துக்கும் குழாய்க்கும் மாணவரிடம் வாங்குங்கள், யார் வேண்டாமென்றது? இயக்குபவரின் சம்பளத்தையும் அதில் எடு என்பதால்தான் அவருக்கு வருடா வருடம் ஒப்பந்தம். அலுத்துப்போய், கருவியை விற்ற கம்பெனியிலேயே சேர்ந்துவிடுவார். பிறகு அதே கருவிக்குப் பயிற்சி கொடுக்க அதே ஆள் வருவார், கம்பெனி பில்லோடு. அதற்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு.