வலையைச் சுருட்டி வைத்தவர்கள்

மே மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. மணி 11.55. ஏரியின் மேல் குளிர் காற்று. இருட்டில் ஆங்காங்கே படகுகள் நிற்கின்றன. ஃபிளாஸ்கில் காபி, தலையில் மாட்டிய டார்ச், கையில் தூண்டில். ஆனால் ஒருவரும் நரம்பைத் தண்ணீரில் விடவில்லை. எல்லோரும் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மணி 12 தாண்டிச் சனிக்கிழமை பிறந்த மறு நிமிடம், 'ப்ளக்', 'ப்ளக்' என்று ஈயக்குண்டுகள் தண்ணீரில் விழுகிற சத்தம்.

கனடாவை ஒட்டிய அமெரிக்க மாநிலமான மின்னசோட்டாவில் மீன்பிடிப் பருவம் இப்படித்தான் திறக்கிறது. பிப்ரவரி கடைசியில் மூடிய பூட்டு, மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமைதான் திறக்கும். 10 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் மட்டுமே 11,842 உள்ள ஊர் அது. அங்கே அந்த நாள் கிட்டத்தட்ட திருவிழா. மாநில ஆளுநரே தூண்டிலோடு கிளம்பிவிடுவார். 1948-ல் தொடங்கிய வழக்கம். அன்னையர் தினமும் பெரும்பாலும் அதே வார இறுதியில்தான் வரும். அப்பாவும் பிள்ளைகளும் ஏரிக்குப் போய்விட்டால் அம்மா என்ன செய்வார்? அந்தப் பஞ்சாயத்துக்கு மாநிலமே ஒரு தீர்வு வைத்திருக்கிறது: அந்த வார இறுதியில் உள்ளூர் அம்மாக்களுக்கு மீன்பிடி லைசென்ஸ் தேவையில்லை. நீங்களும் வாருங்கள் என்கிறது அரசு. அன்றைக்காவது ஓய்வு வேண்டும் என்று நினைக்கும் அம்மாக்கள் இதைப் பரிசாக எடுத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

இத்தனை ஆர்ப்பாட்டமும் முக்கியமாக ஒரு மீனுக்காக. பெயர் வால்ஐ. நம் சந்தைகளில் வெள்ளிப் பட்டை போல் தொங்கும் வாளை மீனுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது நன்னீர் மீன். ஆலிவ் பச்சையில் பொன் பூசிய உடம்பு, வாயில் கூரான பற்கள், முதுகில் முள் துடுப்பு. 1965-ல் இதை மின்னசோட்டா தன் மாநில மீனாக அறிவித்தது.

இதைப் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அதன் கண்ணை. இருட்டில் பூனையின் மேல் வெளிச்சம் பட்டால் கண் பளிச்சென்று மின்னுமே, வால்ஐயின் கண்ணும் அப்படித்தான். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம். உள்ளே வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பி, இரண்டாவது முறையும் பார்க்க வைக்கும். அந்தி, விடிகாலை, மேகமூட்டம், கலங்கல் தண்ணீர் என்று மற்ற மீன்கள் தடுமாறும் நேரத்தில் இதற்கு எல்லாம் தெரியும். இரை எதிரே நிற்பதுகூடத் தெரியாமல் திணறும்போது இது போய்க் கவ்விவிடும். அதனால்தான் வெயில் அடிக்கும் அமைதியான நாளைவிட, காற்றடித்து அலை புரளும் நாளில் வால்ஐக்காரர்களின் முகம் மலர்கிறது.

சரி, ஏன் மே நடுவரை காத்திருக்க வேண்டும்? பனி உருகும் கதை அது. வட மின்னசோட்டாவில் ஏரிகள் ஏப்ரல் கடைசி வரைக்கும், சில ஆண்டுகள் மே வரைக்கும்கூட உறைந்து கிடக்கும். பனி உடைந்து, தண்ணீர் 6, 7 டிகிரிக்கு வந்ததும் வால்ஐகள் கரையோரக் கல் பரப்புகளுக்கும் ஆற்று வாய்களுக்கும் இரவில் வந்து குவியும். முதலில் ஆண்கள் வந்து காத்திருக்கும்; பெண்கள் பின்னால் வரும். நல்ல எடையுள்ள ஒரு பெண் மீன் லட்சத்துக்கும் மேல் முட்டையிடும். கூடு கட்டுவதில்லை, காவல் நிற்பதில்லை. கல் இடுக்குகளில் முட்டையைத் தூவிவிட்டுப் போய்விடும். குளிர்ந்த தண்ணீரில் அவை பொரிய இரண்டு, மூன்று வாரங்கள். ஒரு காற்று, ஒரு திடீர்க் குளிர், பசித்த வேறொரு மீன் எது வந்தாலும் கணக்கு மாறிவிடும். எல்லா ஆண்டும் நல்ல பொரிப்பு அமையாது. அந்த லட்சத்தில் பெரியதாகி வளர்வது வெகு சில. அவற்றிலும் பெண் மீன் முட்டையிடும் வயதுக்கு வர நான்கைந்து வருடங்கள் ஆகும்.

பருவம் திறக்கும்போது பெண்கள் களைப்பாறிக்கொண்டு கலைந்துபோயிருக்கும். முதல் வாரம் தூண்டிலில் மாட்டுவதில் பாதிக்கு மேல் கல்லோரத்தை விட்டு நகர மனமில்லாத ஆண்கள்தான். ஈயத் தலை வைத்த ஜிக் என்னும் கொக்கியில் ஒரு பொடிமீனைக் கோத்து, ஆழமில்லாத தண்ணீரில் இறக்கி, தரையைத் தொட்டதும் ஒரு சாண் தூக்கி, மறுபடி இறக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. கடிப்பது முரட்டு இழுப்பாக இருக்காது. விரல் நுனியில் யாரோ சுண்டியது போல 'டிக்' என்று ஒன்று. புதியவர்கள் அதைக் கல் என்று நினைத்துக் கோட்டைவிடுவார்கள்.

ஜூன் வந்து தண்ணீர் சூடேறினால் பொடிமீனின் மவுசு போய் அட்டைக்கும் மண்புழுவுக்கும் வந்துவிடும். ஆம், நம்மூர் மழைக்காட்டில் காலில் ஏறும் அட்டையின் உறவுக்காரர்தான். அங்கே கடையில் டஜன் கணக்கில் வாங்குகிறார்கள். பிடித்ததைக் கரையிலேயே சமைப்பது இன்னொரு சடங்கு. முள் நீக்கிய துண்டுகளை மாவில் புரட்டி இரும்புச் சட்டியில் பொரித்து, உருளைக்கிழங்கோடு சாப்பிடுவார்கள். மிளகாய்த்தூளைத் தேடாதீர்கள். சதை வெள்ளை, வாடை கிடையாது. மீன் பிடிக்காது என்று சொல்பவர்களும் சாப்பிடுவார்கள்.

அந்தச் சுவைதான் ஓர் ஏரியைக் காலி செய்தது.

மாநிலத்தின் வடக்கே ரெட் லேக் இருக்கிறது. மேல் ஏரி, கீழ் ஏரி என்று ஒட்டிக்கிடக்கும் இரட்டை ஏரி. இரண்டும் சேர்ந்து சுமார் 2,88,000 ஏக்கர். மேல் ஏரி வெகு ஆழம் குறைந்தது. பக்கத்திலிருக்கும் பெரிய சதுப்புநிலத்திலிருந்து இறங்கும் தண்ணீரால் பால் சேர்க்காத டீ போல இருக்கும். வால்ஐயின் கண்ணுக்கு ஏற்ற இடம். இந்த நிலத்தின் மக்கள் ஓஜிப்வே பழங்குடியினர். வால்ஐக்கு அவர்கள் மொழியில் 'ஓகா' என்று பெயர். கீழ் ஏரி முழுவதும், மேல் ஏரியில் பாதிக்கு மேலும் ரெட் லேக் பழங்குடியினருடையது. கிழக்கே மிச்சமுள்ள சுமார் 48,000 ஏக்கர் மட்டும் மாநிலத்தின் கையில். தண்ணீருக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு.

1917-ல், முதல் உலகப் போரின் உணவுத் தட்டுப்பாட்டில், இந்த ஏரியில் வணிக மீன்பிடிப்பு தொடங்கியது. 1929-ல் பழங்குடி மீனவர்கள் தங்கள் சங்கத்தை அமைத்தார்கள். செவுள் வலையில் விழும் வால்ஐதான் பல குடும்பங்களுக்கு அரிசி பருப்பு. பிள்ளைகளின் பள்ளிச் சட்டையும் அதிலிருந்துதான். வேறு வேலை அதிகம் இல்லாத பகுதி அது. பத்தாண்டுகள் பல ஓடின. ஒதுக்கீட்டுக்கு மேல் பிடித்தார்கள், கணக்கில் வராமல் கள்ளச் சந்தையிலும் விற்றார்கள். கோட்டுக்குக் கிழக்கே மாநிலத்தின் தூண்டில்காரர்களும் சும்மா இருக்கவில்லை. முட்டையிடும் வயதை எட்டும் முன்பே மீன்கள் தீர்ந்துகொண்டிருந்தன. 90-களின் நடுவில் வலை வெறுமையாக வந்தது.

வழக்கமாக இந்த இடத்தில் கதை எப்படிப் போகும் என்று தெரியும். இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்தாரைக் கைகாட்டுவார்கள். கோர்ட், கேஸ், ஊர்வலம் என்று இன்னும் பத்து வருடம் ஓடும். அதற்குள் மிச்ச மீனும் போய்விடும். ரெட் லேக்கிலும் கசப்புக்குப் பஞ்சமில்லை. மேல் ஏரியின் கிழக்குப் பகுதி தங்களிடமிருந்து போனதே அநியாயம் என்பது பழங்குடியினரின் நூற்றாண்டு மனக்குறை.

ஆனால் முதலில் கையை எடுத்தவர்கள் அவர்கள்தான். 1997-ல் மீனவர் சங்கம் வணிக வலைகளை நிறுத்தியது. வெளியிலிருந்து வந்த உத்தரவு அல்ல, அந்த வருமானத்தை நம்பியிருந்தவர்களே எடுத்த முடிவு. 1998-ல் பழங்குடி மன்றம் இன்னும் ஒரு படி போய், வீட்டுச் சாப்பாட்டுக்காகத் தூண்டிலில் வால்ஐ பிடிப்பதற்கும் தடை போட்டது. தன் ஏரி, தன் மீன், தன் அடுப்பு, ஆனாலும் தொடக்கூடாது. 1999-ல் மாநிலமும் தன் பகுதியைப் பூட்டியது. அந்த ஆண்டே பழங்குடி நிர்வாகம், மாநில அரசு, மத்திய அரசின் பழங்குடி விவகாரத் துறை எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

1999, 2001, 2003 என்று மூன்று வசந்தங்களில் குஞ்சுகளை விட்டார்கள். மொத்தம் 10 கோடிக்கும் மேல். ஒவ்வொன்றும் கொசுப் புழு அளவு. விடுவதற்கு முன் ஓர் ஆன்டிபயாடிக் மருந்துத் தண்ணீரில் அவற்றை ஊற வைத்தார்கள். நோய்க்காக அல்ல, அடையாளத்துக்காக. அந்த மருந்து மீனின் காதுக்குள் இருக்கும் சிறு எலும்புக் கல்லில் தங்கிவிடும். பிற்பாடு மீனைப் பிடித்து, புற ஊதா வெளிச்சத்தில் பார்த்தால் மினுங்கும். மினுங்கினால் விட்ட மீன், மினுங்காவிட்டால் ஏரியே பெற்றெடுத்த மீன். அந்த வித்தியாசத்தை அறிவதில்தான் எல்லாம் இருந்தது. விட்டுக்கொண்டே இருந்தால்தான் மீன் இருக்கும் என்றால் அது ஏரி இல்லை, தொட்டி.

இடையில் ஒரு வேடிக்கை. வால்ஐ இல்லாத வெற்றிடத்தில் கிராப்பி என்ற இன்னொரு மீன் பெருகித் தள்ளியது. உறைந்த ஏரியில் துளை போட்டு அதைப் பிடிக்கக் குளிர்காலத்தில் கூட்டம் அலைமோதியது. மாநிலப் பக்கத்துத் தங்கும் விடுதிகள் மூடாமல் பிழைத்தது அந்தப் புண்ணியத்தில்தான். வால்ஐ திரும்பத் திரும்ப, கிராப்பி மெல்லக் குறைந்தது.

2006 மே மாதம் பூட்டு திறந்தது. மாநிலப் பகுதியில் ஆளுக்கு இரண்டு மீன்தான். 17 அங்குலத்திலிருந்து 26 அங்குலம் வரை நீளமுள்ளது எது மாட்டினாலும் திரும்ப விட வேண்டும். ஏன் அந்த அளவு? வரும் வசந்தங்களில் முட்டையிடப் போகிற பெண்கள் அந்த நீளத்தில்தான் இருக்கிறார்கள். பழங்குடிப் பகுதியிலும் அவர்கள் மக்களுக்கு மட்டும் தூண்டில் அனுமதி. கோடு தாண்டி வெளியாள் மீன்பிடிக்க அன்று முடியாது. ஏக்கருக்கு எத்தனை பவுண்டு எடுக்கலாம் என்று இரு தரப்பு விஞ்ஞானிகளும் ஒன்றாகக் கணக்குப் போடுகிறார்கள். ரெட் லேக் வால்ஐ மறுபடியும் கடைகளுக்குப் போகிறது. 2003-க்குப் பிறகு குஞ்சு விட வேண்டிய தேவை வரவில்லை.

பிடிப்பதை நிறுத்தினால் எல்லா ஏரியும் இப்படிப் பிழைத்துவிடும் என்று நினைத்தால் அதுவும் தவறு. தெற்கே மில் லாக்ஸ் என்ற புகழ்பெற்ற வால்ஐ ஏரி. அங்கே 80-களின் நடுவிலிருந்து தண்ணீர் தெளிந்துகொண்டே வந்தது. 2005-ல் வேற்று நாட்டு வரிச்சிப்பியும் வந்து சேர்ந்து மேலும் வடிகட்டியது. பார்க்கக் கண்ணாடி மாதிரி அழகு. இருட்டு விரும்பியான வால்ஐக்கு அதுவே சங்கடம். குஞ்சுகள் பொரிக்கின்றன, வளர்ந்து நிற்பதில்லை. 2015 ஆகஸ்டில் பருவத்தைப் பாதியில் மூடினார்கள். 2016-ல் பிடித்த வால்ஐ ஒவ்வொன்றையும் திரும்ப விடச் சொன்னார்கள். ரெட் லேக்கின் நோய் அளவு மீறிய பசி. அதற்குப் பத்தியம் இருந்தது. மில் லாக்ஸின் நோய் அப்படி ஒரு மருந்தில் அடங்குவதாக இல்லை.

மேல் ரெட் லேக்கில் ஜூன் மாத அந்தி. வெளிச்சம் போக ஒன்பதரை மணி ஆகும். ஒரு தாத்தாவும் பேத்தியும் படகில். பேத்தியின் தூண்டில் வளைகிறது. வலையில் ஏந்தி, படகின் உட்புறம் ஒட்டியிருக்கும் அளவுகோலில் மீனை நீட்டிப் பார்க்கிறார்கள். 19 அங்குலம். சமீப ஆண்டுகளின் விதிப்படி 17-க்கு மேற்பட்டது ஆளுக்கு ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம். அவள் கணக்கில் ஒன்று ஏற்கெனவே பெட்டியில் இருக்கிறது. பேத்தி தாத்தாவின் முகத்தைப் பார்க்கிறாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கொக்கியைக் கழற்றும் குறட்டை மட்டும் நீட்டுகிறார். அவள் கொக்கியைக் கழற்றி, மீனை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்துக்கொள்கிறாள். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது. பிறகு வாலை ஒரு வீச்சு வீசி, டீ நிறத் தண்ணீரில் இறங்கிப் போகிறது.