சுடுவதா? எண்ணுவதா?

"பறவை பார்ப்பது சீமான்களின் பொழுதுபோக்கு, ஆலைச் சங்கு ஊதுமுன் ஓடுகிற நமக்கு அது எதற்கு?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அறிவு யாருடைய சொத்து என்ற கேள்வியும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆகவேதான் இன்று ஒரு சின்னஞ்சிறு பறவையைப் பற்றிப் பேசுகிறோம்.

அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்வது ரீங்காரச் சிட்டு. நம் முருங்கைப் பூவில் தேன் குடிக்கும் தேன்சிட்டு வேறு. அதன் குலமே வேறு. ரீங்காரச் சிட்டில் 350க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. கியூபா நாட்டின் குட்டி இனம் ஏறத்தாழ 2 கிராம் எடைதான். உலகில் அதனினும் சிறிய பறவை இல்லை! அந்தரத்தில் நிற்கும், பின்னோக்கியும் பறக்கும். உணவு குறைந்த இரவில், உடல் வெப்பத்தைத் தாழ்த்தி, இதயத் துடிப்பைக் குறைத்து, உயிர் காக்கும் சிக்கனம்!

செங்கழுத்து இனம் மெக்சிகோ வளைகுடாவை, சுமார் 800 கிலோ மீட்டரை, இடையில் இறங்காமல் கடக்கிறது. "இத்தனூண்டு பறவைக்கு ஏது வலிமை? வாத்தின் முதுகில் ஏறித்தான் போகிறது" என்று அங்கே ஒரு கதை உலவியது. கதை கட்டியவர்கள் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் கதையை நம்பவில்லை!

படித்தவர்கள் மட்டும் தப்பினார்களா? அதன் நாக்கு நுண்குழாய்போல் தேனை ஏற்றுகிறது என்று 1833 முதல் எழுதி வந்தார்கள். 2011இல் அதிவேகப் படக்கருவி வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், நாக்கின் நுனி பிளந்து விரிந்து தேனைச் சிறைப்பிடிப்பதைக் கண்டார்கள். ஏட்டில் இருப்பதால் ஒன்று உண்மையாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்தப் பறவைக்கு மனிதன் செய்தது என்ன? 19ஆம் நூற்றாண்டில் சீமாட்டிகளின் தொப்பிக்காக இலட்சக்கணக்கில் கொன்று, தோலை இலண்டனில் ஏலம் விட்டான். வணிகனுக்கு இலாபம், சீமாட்டிக்கு அலங்காரம், பறவைக்கு மரணம்! எதிர்த்து எழுந்தவர்களின் முன்னணியில் பெண்கள் நின்றனர். 1889இல் இங்கிலாந்திலும், 1896இல் அமெரிக்காவின் மாசசூசெட்சிலும் சங்கம் கண்டார்கள். 1921இல் இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் வந்தது. சட்டம் தானாக வரவில்லை; சங்கம் கொண்டு வந்தது!

கிறிஸ்துமஸ் நாளில் அணி பிரிந்து பறவைகளைச் சுட்டுக் குவிக்கும் போட்டி அமெரிக்காவில் வழக்கமாக இருந்தது. "சுடவேண்டாம், எண்ணுவோம்" என்றார் பிராங்க் சாப்மன். 1900ஆம் ஆண்டு 27 பேர் எண்ணத் தொடங்கினார்கள். இன்று பல்லாயிரவர் எண்ணுகிறார்கள். எந்த இனம் குறைகிறது, எங்கே குறைகிறது என்று சொல்ல அந்தக் கணக்கே ஆதாரம்.

தமிழகத்திலும் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதற்குப் பட்டம் வேண்டாம்; பணம் வேண்டாம். 15 நிமிடம் நின்று, கண்டதைக் கண்டபடி எண்ணிச் சொல்லும் நேர்மை போதும்.

தோழர்களே! வரும் பொங்கலன்று பிள்ளையின் கையைப் பிடித்து ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கேட்டதை நம்புகிற பிள்ளையாக அல்ல, பார்த்துத் தெளிகிற பிள்ளையாக அது வளரட்டும். சீமான் மட்டும் கண்டு களிக்க அல்ல வானம்; அது நமக்கும் உரியது!