ஓவர்கிளாக்கிங்: காசில்லாமல் கிடைக்கும் வேகமா?

பிராசஸரை ஓவர்கிளாக் செய்தால் செலவே இல்லாமல் கூடுதல் வேகம் கிடைக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். 1998ல் வந்த இன்டெல் செலிரான் 300ஏ சிப்பில் இது ஏறக்குறைய உண்மை. பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450ல் ஓடியது. இன்றைய சிப்களுக்கு இது பொருந்தாது என்பது என் கருத்து.

2023 மே மாதம் திண்டிவனத்தில் உள்ள எங்கள் வீட்டுக்குப் போனபோது, அப்பா முதலில் கரண்ட் பில்லைப் பற்றித்தான் பேசினார். இரண்டு மாதத்திற்கு 506 யூனிட், 1,998 ரூபாய். "எல்லாம் உன் தம்பியோட கம்ப்யூட்டர்தான்" என்றார். தம்பி விழுப்புரத்தில் இன்ஜினியரிங் படிக்கிறான். தினமும் வீட்டிலிருந்து போய் வருகிறான். கல்லூரி நண்பன் சொல்லிக் கொடுத்தபடி தன் ரைசன் 5 2600 பிராசஸரை பயாஸில் ஓவர்கிளாக் செய்து வைத்திருந்தான்.

சிப் எடுத்துக் கொள்ளும் மின்சாரம் கிளாக் வேகத்திற்கு ஏற்ப நேராக உயரும். வோல்டேஜிற்கோ அதன் வர்க்கத்தில் உயரும். சிக்கல் இங்கேதான். வேகத்தைக் கூட்டினால் சிஸ்டம் ஹேங் ஆகும். அதைத் தடுக்க வோல்டேஜையும் கூட்ட வேண்டும். 3.6 கிகாஹெர்ட்ஸ், 1.2 வோல்ட்டில் 65 வாட் எடுக்கும் சிப்பை 4.1 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டிற்கு ஏற்றுவதாக வைத்துக் கொள்ளுங்கள். வேகம் 14 சதவீதம் கூடும். மின்சாரம் 44 சதவீதம் கூடி சுமார் 94 வாட் ஆகும். எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து கூடுதலாக 36 வாட். தினமும் 5 மணி நேரம் கேம் ஆடினால் இரண்டு மாதத்தில் 11 யூனிட்.

'இவ்வளவுதானா?' என்றான் தம்பி. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 2022 செப்டம்பர் கட்டணப்படி, 500 யூனிட்டிற்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டிற்கு 2.25 ரூபாய், 500ஐத் தாண்டினால் அதே யூனிட்டுகளுக்கு 4.50 ரூபாய். அந்த 11 யூனிட் இல்லாவிட்டால் பில் 495 யூனிட், 1,695 ரூபாயில் நின்றிருக்கும். வித்தியாசம் 303 ரூபாய்! (அதன்பின் விகிதங்கள் மாறிவிட்டன.) அப்பா சொன்னது முழுத் தவறில்லை.

பில் மட்டுமல்ல. கூடுதல் வாட் அனைத்தும் அறைக்குள் வெப்பமாகத்தான் வெளியேறும். கத்திரி வெயிலில் திண்டிவனத்து மாடி அறையில் உட்கார்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வீடுகளில் உள்ள 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் அளவுதான் தாங்கும். கிராபிக்ஸ் கார்டும் இருந்தால், கரண்ட் போன நொடியில் சிஸ்டமும் சேர்ந்து அணையலாம்.

இப்போது கம்பெனிகளே சிப்பை எல்லை வரை ஓட்டித்தான் விற்கின்றன. கோர் ஐ9 13900கே சிப்பின் அடிப்படை அளவு 125 வாட். டர்போவில் 253 வாட். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் சில நிலையில்லாமல் போனதற்கு அளவுக்கு மீறிய வோல்டேஜ் காரணம் என்று 2024ல் அந்நிறுவனமே கூறி, வாரண்டியை 2 ஆண்டுகள் நீட்டித்தது.

எனவே நான் தம்பியின் பயாஸை டீஃபால்ட்டிற்குக் கொண்டு வந்து, வோல்டேஜ் ஆஃப்செட்டில் 0.05 வோல்ட் குறைத்தேன். இதனால் மட்டும் சிப் எடுக்கும் மின்சாரம் சுமார் 8 சதவீதம் குறையும். நீங்களும் செய்து பார்க்கலாம். எல்லா சிப்பும் ஒரே அளவு தாங்காது, சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் சில மணி நேரம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டுங்கள். ஹேங் ஆனால் ஒரு படி மேலே ஏற்றி விடுங்கள். தம்பிக்குக் கேமில் வித்தியாசம் தெரியவில்லை; ஃபேன் சத்தம் குறைந்ததைத்தான் முதலில் சொன்னான்.